பத்து வயதுக் கடனாளிகள்

புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் மாதங்களில் யாழ்ப்பாணத்தின் ஏதாவதொரு ஒழுங்கையில் அதிகாலை ஐந்தரை மணிக்கு நின்று பாருங்கள். ஸ்கூட்டியில் ஒரு தாய் வருவார். பின்னால் நித்திரை கலையாத ஒரு பிள்ளை தாயின் முதுகில் முகம் புதைத்திருக்கும். பாடசாலைக்கு முன்னர் ஒரு ரியூசன். பாடசாலை விட்ட பின்னர் இன்னொன்று. இரவில் மாதிரி வினாத்தாள். பிள்ளைக்கு வயது பத்து. தாய்க்கு முப்பத்தைந்து இருக்கலாம். முகத்தில் ஐம்பது தெரிகிறது. இதற்கு நாம் சூட்டியிருக்கும் பெயர் தியாகம்!

இந்தத் தியாகத்தைப் பற்றித்தான் கொஞ்சம் கசப்பாகப் பேசவேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். வசதியற்ற வீட்டில் பிறந்த திறமைசாலிப் பிள்ளைக்கு நல்ல பாடசாலையும் உதவிப்பணமும் கிடைக்கவேண்டும் என்பதே இப்பரீட்சையின் நோக்கம். அந்த நோக்கத்தோடு எனக்குப் பிணக்கு இல்லை. ஆனால் 2024இல் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இதனை எழுதினார்கள். வெட்டுப்புள்ளிக்கு மேல் பெற்றவர்கள் ஏறக்குறைய 51 ஆயிரம் பேர். ஆறு பிள்ளைகளில் ஐவர் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நிற்பது இந்தப் பரீட்சையின் கணக்கு. அது பிள்ளையின் குற்றமன்று. அதே ஆண்டில் வினாக்கள் சில முன்கூட்டியே கசிந்தன. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று, மூன்று வினாக்களுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப் புள்ளி வழங்கும் முடிவில் நின்றது. பெரியவர்கள் செய்த தவறுக்காகச் சிறுவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

இதில் பத்திரிகைக்காரனான எனக்கும் பங்குண்டு. பெறுபேறு வெளியானதும் சித்தியடைந்த பிள்ளைகளின் படங்களைப் பக்கம் பக்கமாக அச்சிட்டவர்களில் நானும் ஒருவன். பல ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு நாளில் ஒரு தந்தை ஆசிரியபீடத்துக்கு வந்தார். மகனுக்கு வெட்டுப்புள்ளிக்கு மூன்று புள்ளிகள் குறைவு. அவர் முறைப்பாடு செய்ய வரவில்லை. "ரண்டு நாளைக்கு எங்கடை வீட்டுக்குப் பேப்பர் போடவேண்டாம் எண்டு ஏஜென்டிட்டைச் சொல்லிவிடுங்கோ ஐயா. பொடியன் படங்களைப் பார்த்துப்போட்டுச் சாப்பிடுறானில்லை" என்றார். பிறகு, தயங்கித் தயங்கி, மகன் சொன்னதையும் சொன்னார்: "அம்மா எனக்காக ஒரு வருசம் நித்திரை கொள்ளேல்லை. நான் அதை வீணாக்கிப்போட்டன்."

அந்தச் சிறுவனை வருத்தியது மூன்று புள்ளிகள் அல்ல. தாயின் ஒரு வருட நித்திரையைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடனாளியாக அவன் தன்னை எண்ணியிருந்தான். அந்த எண்ணத்தை அவனுக்குள் விதைத்தவர்கள் யார்? "உனக்காகத்தானே பிள்ளை இவ்வளவும்" என்று நாளுக்கு நான்கு தடவை சொல்லும் நாம்தான். அன்பு என்று நினைத்துக்கொண்டே பத்து வயதுப் பிள்ளையிடம் கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறோம்.

"போரையே கண்ட சனம் நாங்கள், எங்கடை பிள்ளைகள் எதையும் தாங்கும்" என்று மார்தட்டுவோர் உண்டு. பதுங்குகுழிக் காலத்தை அவர்கள் சரியாக நினைவுகூர வேண்டும். குண்டு விழும் ஓசை கேட்டதும் பிள்ளைகள் யாரைப் பார்த்தார்கள்? வானத்தையா? தாயின் முகத்தையல்லவா! இரண்டாம் உலகப் போரில் இலண்டன் மீது குண்டுகள் பொழிந்தபோது, அங்கே சிறுவர் காப்பகங்களை நடத்திய அன்னா பிராய்டும் டொரத்தி பேர்லிங்ஹாமும் இதையே கண்டு எழுதினார்கள். தாய் அருகிருந்து, அவளும் நிலைகுலையாமல் இருந்தால், குண்டுவீச்சைக்கூடச் சிறு பிள்ளைகள் பெருமளவு தாங்கிக்கொண்டார்கள். தாயின் கலக்கமோ பிள்ளையைத் தொற்றிக்கொண்டது.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னர் என்னும் உளவியலாளரும் அவரது குழுவினரும் பல தசாப்தங்கள் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். வறுமை, குடும்பச் சச்சரவு, பெற்றோரின் நோய் எனப் பல இடர்களுக்குள் வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் ஆற்றலும் பரிவும் உள்ள வளர்ந்தோராயினர். அவர்களுக்குத் துணைநின்றவற்றில் முக்கியமானது, நம்பிக்கையோடு ஒட்டிக்கொள்ளக் குறைந்தது ஒரு நிலையான பெரியவர் இருந்தமை. அவர் தாயாகவோ, பாட்டியாகவோ, வேறு உறவினராகவோ இருக்கலாம்.

அப்படியானால் பிள்ளையின் மீண்டெழும் வலு எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி அருகிலிருக்கும் பெரியவரிடமிருந்து இரவலாக வருகிறது. நித்திரையில்லாமல், நேரத்துக்குச் சாப்பிடாமல், சிரிக்க மறந்து, தொட்டதற்கெல்லாம் எரிந்துவிழும் ஒருவரிடமிருந்து பிள்ளை எதை இரவல் வாங்கும்? ஆகவே, தாய் தன்னைப் பேணிக்கொள்வது சுயநலம் என்று சொல்லும் வாயை முதலில் மூடவேண்டும். அது பிள்ளை வளர்ப்பின் முதற்கடமை.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும். வன்னியில் கணவனை இழந்து, கூலிவேலை செய்து, மூன்று பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் பெண்ணிடம் "உன்னைப் பேணிக்கொள்" என்று சொல்வது கேலியல்லவா? ஆம், சொல்லிவிட்டுப் போனால் கேலிதான். அவளுக்கு அறிவுரை வேண்டாம், ஆள் வேண்டும். கிழமையில் ஒரு பின்னேரம் பிள்ளைகளைப் பொறுப்பேற்கும் மாமி, வகுப்பால் திரும்பும் பிள்ளையை ஏற்றிவரும் அயலவர், காணும்போதெல்லாம் "எத்தனை புள்ளி?" என்று கேட்காத உறவினர் வேண்டும். இரண்டு பெற்றோரும் உள்ள வீடுகளில் தந்தையர் என்ன செய்கிறார்கள் என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும். ரியூசன் காசைக் கொடுத்துவிட்டால் பொறுப்பு முடிந்ததா?

புலம்பெயர்ந்த உறவுகள் இதனை ஊர்க்கதை என்று ஒதுக்கவேண்டாம். இலண்டனில் பதினொரு வயதுப் பிள்ளைகளைக் கிராமர் பாடசாலை அனுமதிப் பரீட்சைக்காகச் சனி, ஞாயிறு பாராமல் ஏற்றியிறக்கும் தமிழ்ப் பெற்றோரை நான் அறிவேன். இரண்டு வேலை செய்துவிட்டு "உங்களுக்காகத்தான் இந்தக் குளிருக்குள்ளை மாரடிக்கிறம்" என்று சொல்லும் வீடுகளிலும் அதே கடன் பத்திரம்தான். நாணயம் மட்டுமே வேறு.

பெற்றோரே, பெரிதாக எதுவும் கேட்கவில்லை. பரீட்சை ஆண்டிலும் வீட்டில் எல்லோரும் நேரத்துக்கு உறங்குங்கள். களைப்பாக இருந்தால், "அம்மாவுக்குக் களைப்பு, அது உன்னாலை இல்லை" என்று சொல்லுங்கள். கோபத்தில் அடித்துவிட்டால் பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். விழுந்தவர் எழுவது எப்படி என்பதைப் பிள்ளை அங்கேதான் கற்கும். உங்களுக்கென்று ஒரு தோழியை, கோயில் வீதியில் ஒரு நடையை, ஒரு புத்தகத்தை வைத்திருங்கள். மனம் தாளாதபோது வைத்திய உதவியை நாடுவதற்கு வெட்கப்படாதீர்கள். தேசிய மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கம் இருக்கிறது.

பெறுபேறு வரும் நாளில் புள்ளியைக் கேட்பதற்கு முன் பிள்ளைக்குச் சோறு போடுங்கள். நீங்களும் அருகிலிருந்து சாப்பிடுங்கள்.

அந்தத் தந்தை கேட்டபடி இரண்டு நாட்களுக்கு அவர் வீட்டுக்குப் பத்திரிகை போகாமல் பார்த்துக்கொண்டேன். படங்களைப் போடுவதை நிறுத்தும் துணிவு அன்று எனக்கு வரவில்லை. அந்தக் கடன் இன்னும் என் கணக்கில்தான் இருக்கிறது.