ஊசியின் காதுக்குக் கதவு வைத்தவர்கள்

பண ஆசையைப் பற்றி ஆலயத்தில் பிரசங்கம் நடந்தால், முடிவதற்குள் ஒரு பிற்சேர்க்கையும் வந்துவிடும்: "பணம் தப்பில்லை, பண ஆசைதான் தப்பு. எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், மனசு அதில் ஒட்டாமல் இருந்தால் போதும்." முன்வரிசையில் இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். பின்வரிசையும் தலையாட்டும், என்றைக்காவது நமக்கும் வரும் என்ற நம்பிக்கைதான். கேட்க இதமான சமாதானம் இது. யாருக்கும் பத்துப் பைசா செலவு வைக்காது. மனசு ஒட்டியிருக்கிறதா, விலகியிருக்கிறதா என்று எந்த ஆடிட்டரும் வந்து பார்க்கப் போவதில்லை.

வேதாகமம் செல்வத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் மனசைப் பற்றி மட்டுமே என்ற இந்த நம்பிக்கை எவ்வளவு பரவலானதோ அவ்வளவு பொய்யானது.

இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 1 தீமோத்தேயு 6-ஆம் அதிகாரத்தின் 10-ஆம் வசனம். பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேர் என்று பவுல் எழுதுகிற இடம். அந்த வசனத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொள்பவர்கள் அதற்கு முன்னால் இருக்கும் இரண்டு வசனங்களைத் தொடுவதில்லை. உண்ணவும் உடுக்கவும் இருந்தால் போதுமென்று இருப்போம் என்கிறது 8. ஐசுவரியவான்களாக வேண்டுமென்று விரும்புகிறவர்களே கண்ணியில் விழுகிறார்கள் என்கிறது 9. அதே அதிகாரத்தின் 17 முதல் 19 வரையுள்ள வசனங்கள், ஏற்கெனவே பணம் உள்ளவர்களுக்கான கட்டளை. அகந்தை வேண்டாம், நிலையில்லாத செல்வத்தை நம்ப வேண்டாம் என்று மனசைத் தொட்டுவிட்டு, உடனே கைக்கு வந்துவிடுகிறார் பவுல்: தாராளமாகக் கொடுங்கள், பகிர்ந்துகொள்ளுங்கள்.

லூக்கா 12-ஆம் அதிகாரத்தின் மதிகெட்ட பணக்காரனையே எடுத்துக்கொள்ளலாம். அந்த உவமைக்குக் காரணமே ஒரு பாகப்பிரிவினைத் தகராறு. சொத்தைப் பிரித்துக் கொடுக்கும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கேட்கிறான். பஞ்சாயத்து பண்ண மறுத்துவிட்டு இயேசு இந்தக் கதையைச் சொல்கிறார். கதையில் வருகிறவன் யாரையும் ஏமாற்றவில்லை. கூலி பிடித்ததாகவோ, எடையில் மோசம் செய்ததாகவோ, விலை ஏறட்டும் என்று காத்திருந்ததாகவோ ஒரு வார்த்தை கிடையாது. நிலம் நன்றாக விளைந்தது; வைக்க இடமில்லை; பழைய களஞ்சியங்களை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டலாம் என்று திட்டம் போட்டான்; இனி பல வருஷத்துக்குக் கவலையில்லை என்று நினைத்தான். இன்றைக்கு எந்த நிதி ஆலோசகரிடம் போனாலும் முதுகில் தட்டிக்கொடுப்பார். உபரி வந்தபோது அடுத்தவன் அவன் நினைவுக்கே வரவில்லை, குற்றம் அவ்வளவுதான். அன்றிரவே கணக்கு முடிகிறது.

லூக்கா 16-இல் வரும் ஐசுவரியவானும் அப்படித்தான். அவன் பிச்சைக்காரன் லாசருவை அடித்து விரட்டவில்லை. வாசலில் படுத்துக் கிடக்க விட்டிருக்கிறான். கொஞ்சம் பெருந்தன்மை என்றுகூடச் சொல்லலாம். அவன் மனசில் என்ன இருந்தது என்பதில் கதைக்கு அக்கறையே இல்லை. உடுத்திய துணி, தின்ற சாப்பாடு, வாசலில் கிடந்தவனின் புண், அதை நக்கிய நாய்கள் எல்லாம் வரிசையாக வருகின்றன. பண ஆசை என்ற சொல் எங்குமே வரவில்லை.

யாக்கோபு நிருபம் இன்னும் நேரடி. அதன் 5-ஆம் அதிகாரம் பணக்காரரின் உள்நோக்கத்தை ஆராய உட்காரவில்லை. பெட்டியில் அரிபட்ட துணியையும் களிம்பேறிய பொன்னையும் எடுத்துக் காட்டுகிறது. அடுத்த வரியிலேயே, அறுப்பு அறுத்த ஆட்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறது. இதற்கு அடித்தளம் உபாகமம் 24-இல் இருக்கிறது: ஏழைக் கூலியாளின் சம்பளம் பொழுது சாய்வதற்குள் அவன் கையில் இருக்க வேண்டும். கொடுக்க மனமிருந்தும் கொடுக்காமல் விட்டவனுக்கு அதில் தள்ளுபடி இல்லை.

இவ்வளவு இருந்தும் 'மனசு' வாதம் எப்படிப் பிழைத்தது? வழியைப் பாதுகாப்பாக்கித் தர ஆட்கள் இருந்தார்கள். ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்ற இயேசுவின் வார்த்தைக்கு ஒரு விளக்கம் பிரசங்க மேடைகளில் ஓயாமல் சுற்றுகிறது. எருசலேம் மதிலில் 'ஊசியின் காது' என்று ஒரு திட்டிவாசல் இருந்ததாம். சுமையை இறக்கி, முழங்கால் மடக்கினால் ஒட்டகம் நுழைந்துவிடுமாம். ஆக, பணக்காரன் கொஞ்சம் தாழ்மையாகக் குனிந்தால் போதும். அருமையான கதை. முதல் நூற்றாண்டு எருசலேமில் அப்படியொரு வாசல் இருந்ததற்குத்தான் ஆதாரம் எதுவும் இல்லை. கதையே இடைக்கால உரைகளில்தான் தலைகாட்டுகிறது. நடக்கவே முடியாததைச் சொல்ல ஊசியின் காதில் யானை நுழைவதைப் பற்றி யூதர்களின் தல்மூதும் பேசுகிறது. யானைக்கு யாரும் வாசல் கட்டிக் கொடுக்கவில்லை. போதாக்குறைக்கு மாற்கு 10-இல் சீஷர்களே திகைத்து, அப்படியானால் யார்தான் இரட்சிக்கப்பட முடியும் என்று கேட்கிறார்கள். ஒட்டகம் முழங்கால் மடக்குவதைத் தினமும் பார்த்தவர்கள் அதற்கா திகைப்பார்கள்? மனுஷரால் கூடாது என்பதுதான் இயேசு சொன்ன பதில். தேவனால் கூடும் என்றும் சேர்த்துச் சொன்னார். குனிந்தால் கூடும் என்று சொல்லவில்லை.

வாசல் கதைக்கும் முந்தியது சபைத் தந்தையான அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து செய்த காரியம். வணிகம் கொழித்த அந்த எகிப்திய நகரத்தில், கி.பி. 200-ஐ ஒட்டி, எந்தப் பணக்காரன் இரட்சிக்கப்படுவான் என்பதையே தலைப்பாகக் கொண்டு ஒரு நூல் எழுதினார். ஒட்டக வார்த்தைக்குச் சற்று முன், விற்றுவிடும்படி ஒரு பணக்கார வாலிபனுக்கு இயேசு சொன்னது சொத்தையல்ல, உள்ளத்தில் இருக்கும் சொத்து மயக்கத்தை என்று அதில் வாதிட்டார். கிளெமெந்துக்கு நியாயம் செய்ய வேண்டுமென்றால் இதையும் சொல்ல வேண்டும்: ஏழைகளுக்குக் கொடுங்கள் என்று அதே நூலில் வற்புறுத்தவும் செய்தார். பின்னால் வந்தவர்கள் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாவதை வைத்துவிட்டுப் போனார்கள்.

கப்பதோக்கியாவின் செசரியாவில் ஊழியம் செய்த பசிலியு இந்த வழியில் போகவில்லை. 369-ஐ ஒட்டி அங்கே கடும் பஞ்சம். தானியம் வைத்திருந்தவர்கள் பூட்டி வைத்திருந்தார்கள். பசிலியு அதே லூக்கா 12-ஐ எடுத்துப் பிரசங்கித்தார். உபயோகமில்லாமல் பெட்டியில் கிடக்கும் துணி துணியில்லாதவனுடையது, மிச்சமிருக்கும் ரொட்டி பசித்தவனுடையது, வைத்துக்கொண்டிருப்பவன் திருடனுக்குச் சமம் என்பது அவர் வாதம். பேச்சோடு நிற்காமல் சமையல் வைத்துப் பசித்தவர்களுக்குப் போட்டார். பிறகு ஊருக்கு வெளியே நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் ஒரு பெரிய இல்லமே எழுந்தது. தானியத்தைப் பிடித்து வைக்கிறவனை ஜனங்கள் சபிப்பார்கள், விற்கிறவனுக்கு ஆசி கிடைக்கும் என்கிற நீதிமொழிகள் 11:26, செசரியாவில் அன்றைக்குத் தெருச் செய்தி.

அடுத்து வருவது, "ஆபிரகாம் பணக்காரர் இல்லையா? யோபு? சாலொமோன்?" என்ற கேள்வி. பதில் வேதாகமத்திலேயே இருக்கிறது. சோதோமின் ராஜா பொருளை நீட்டியபோது, ஒரு நூலோ செருப்பின் வாரோகூட வேண்டாம் என்றவர் ஆபிரகாம். யோபு தன்னை நியாயப்படுத்திப் பேசும் 31-ஆம் அதிகாரத்தில், பொன்னை நம்பவில்லை என்பது ஒரு வரி. அதைச் சுற்றிலும் இருப்பது கணக்கு வழக்கு. தன் சாப்பாட்டைத் திக்கற்றவனுக்குக் கொடுக்காமல் தனியே உண்டதில்லை, தன் ஆட்டு ரோமத்தில் ஏழை குளிர்காய்ந்தான், கூலி கொடுக்காமல் நிலத்தின் பலனைத் தின்றதில்லை என்று அடுக்குகிறான். சாலொமோன்? ராஜா குதிரைகளையும் மனைவிகளையும் வெள்ளி பொன்னையும் பெருக்கக்கூடாது என்று உபாகமம் 17 தடுக்கிறது. மூன்றையும் அவர் பெருக்கினார். வருஷத்துக்கு 666 தாலந்து பொன் வந்தது. அவர் செத்ததும், நுகம் தாங்கவில்லை என்று ஜனங்கள் முறையிட்டார்கள், ராஜ்யம் இரண்டாக உடைந்தது. முன்மாதிரிக்கு இவரைக் காட்டுவது கொஞ்சம் துணிச்சல்தான்.

மனசு சுத்தம் என்ற வாதம் போய்ச் சேரும் கடைசி ஊரை அமெரிக்காவில் பார்க்கலாம். 2015-இல் கிரெஃப்லோ டாலர் என்ற பிரசங்கி (பெயரே அதுதான்) சுமார் 6.5 கோடி டாலர் விலையுள்ள கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650 விமானத்துக்காக, 2 லட்சம் பேர் தலைக்கு 300 டாலராவது கொடுக்க வேண்டும் என்று கேட்டார். 2018-இல் லூசியானாவின் ஜெஸ்ஸி டுப்ளாண்டிஸ் 5.4 கோடி டாலர் ஃபால்கன் விமானத்துக்குக் கேட்டார். அது அவருக்கு நான்காவது விமானம். இயேசு இன்றைக்கு இருந்தால் கழுதையில் போக மாட்டார் என்பது அவர் சொன்ன காரணம். ஊழியத்துக்குத்தான், சொந்தத்துக்கு இல்லை என்று அவர்களும் சொன்னார்கள். மனசு ஒட்டவில்லை என்றால் நான்காவது விமானமும் பாவமில்லை. செனட்டர் சார்லஸ் கிராஸ்லி 2007-இல் இப்படிப்பட்ட ஆறு ஊழியங்களின் கணக்கைக் கேட்டு விசாரித்தார். 2011-இல் யாருக்கும் தண்டனையில்லாமல் முடிந்தது.

பிள்ளையின் படிப்புக்கும் வயோதிகத்துக்கும் சேர்த்து வைப்பதையுமா வேதாகமம் கண்டிக்கிறது? இல்லை. கோடையில் சேர்க்கும் எறும்பை அது பாராட்டுகிறது. எகிப்தில் யோசேப்பு ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்ததும் பஞ்சத்தில் நாடு பிழைப்பதற்குத்தான். தேவை தீர்ந்த பிறகும் குவிப்பதுதான் வழக்கு. வனாந்தரத்தில் நாளைக்கென்று எடுத்துவைத்த மன்னா பூச்சி பிடித்து நாறியது. அந்த மன்னாவைச் சுட்டிக்காட்டித்தான் எருசலேம் ஏழைகளுக்காகப் பவுல் கொரிந்து சபையிடம் பணம் கேட்டார். இதெல்லாம் நமக்குத் தெரியாததும் இல்லை. பெண்ணுக்கு எத்தனை பவுன் என்று பேசி முடித்த அதே வாரத்தில், பூமியில் பொக்கிஷம் சேர்க்காதிருங்கள் என்ற பாடத்தை ஆலயத்தில் கேட்டுவிட்டு வருகிற குடும்பங்கள் குமரியிலும் நெல்லையிலும் குறைவில்லை.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி சொன்னதும் இப்படிப் பாதியாகத்தான் காதில் விழுந்தது. 1760-இல் அச்சான அவருடைய பிரசங்கத்தில் சம்பாதி, சேமி, கொடு என்று மூன்று பகுதிகள். மூன்றாவது நினைவில் நிற்பதில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் 30 பவுண்டு வருமானத்தில் 28-இல் வாழ்ந்து 2-ஐக் கொடுத்த ஒருவரைப் பற்றி வேறொரு பிரசங்கத்தில் சொன்னார். வருமானம் 60, 90, 120 என்று ஏறியபோதும் அவர் 28-இலேயே வாழ்ந்து மீதியைக் கொடுத்தாராம். அது வெஸ்லியேதான் என்பது பொதுவான கருத்து. 1791-இல் சாவதற்கு முந்தின ஆண்டுகளிலும், மெதடிஸ்டுகள் பணக்காரர்களாகிவிட்டார்கள் என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

ஆகவே பிரசங்கிமாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை 1 தீமோத்தேயு 6:10-ஐ எடுத்தால், 6 முதல் 19 வரை நிறுத்தாமல் வாசியுங்கள். மனசைப் பற்றி அரை மணி நேரம் பேசுவதற்குப் பதிலாக, உங்கள் ஆலயத்தைப் பெருக்கி மணியடிக்கிறவருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் கைக்குப் போகிறது என்று சேகரக் கமிட்டியிடம் கேட்டு, அதையும் அறிவிப்பில் சேர்த்து வாசியுங்கள்.