விருந்துண்டவர் சொல்லும் தீர்ப்பு

ஒரு திரைப்படத்தையோ கைப்பேசியையோ உணவகத்தையோ நல்லதென்று ஒருவர் எழுதும்போது, அவர் சொல்லை நம்பியே நாம் பணத்தைச் செலவிடுகிறோம். எழுதியவர் முதல்நாள்தான் அந்நிறுவனத்தின் விருந்தை உண்டு, அது கொடுத்தனுப்பிய பரிசோடு வீடு திரும்பினார் என்று அறிந்திருந்தால், அதே எழுத்தை வேறு விதமாகப் படித்திருப்போம் அல்லவா? இதைக் கேட்டால் விமர்சகர்களிடமிருந்து உடனே ஒரு பதில் வருகிறது. “பரிசு வாங்கினேன், உண்மைதான். ஆனால் என் கருத்தை யாரும் விலைக்கு வாங்க முடியாது.” இந்தப் பதிலை என்னால் ஒருநாளும் ஏற்க முடிந்ததில்லை.

அமெரிக்காவின் கோல்டன் குளோப் விருதுகளின் கதையைப் பார்ப்போம். அவ்விருதுகளை வழங்கி வந்தது ஹாலிவுட்டில் பணியாற்றிய வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களின் சிறு சங்கம். 1982இல் புதுமுக நட்சத்திரத்துக்கான விருதை அது ‘பட்டர்ஃபிளை’ படத்தில் நடித்த பியா ஸடோராவுக்குக் கொடுத்தது. அவருடைய கணவர் மெஷுலம் ரிக்லிஸ் லாஸ் வேகஸில் ரிவியேரா சூதாட்ட விடுதியின் உரிமையாளர். சங்கத்தினரை அவர் அங்கே வரவழைத்து உபசரித்திருந்தார். விருதுப் போட்டியில் தோற்றவர்களுள் ஒருவர் கேத்லீன் டர்னர். அதே படத்துக்காக ஸடோராவுக்கு மிக மோசமான நடிகை என்னும் கேலி விருதும் கிடைத்ததை நகைச்சுவை என்பதா, நீதி என்பதா? சி.பி.எஸ். தொலைக்காட்சி அவ்விழாவை ஒளிபரப்புவதையே கைவிட்டது.

பாடம் கற்றார்களா? 2019இல் ‘எமிலி இன் பாரிஸ்’ தொடரின் படப்பிடிப்பைக் காண, அச்சங்கத்தின் உறுப்பினர் முப்பதுக்கும் மேற்பட்டோர் பாரிஸ் சென்றனர். ஐந்து நட்சத்திர பெனின்சுலா விடுதியில் இரண்டு இரவு தங்கும் செலவைப் பாரமவுண்ட் நிறுவனம் ஏற்றது. 2021இல் அத்தொடர் இரண்டு பரிந்துரைகளைப் பெற்றது. மைக்கேலா கோயலின் ‘ஐ மே டிஸ்ட்ராய் யூ’ ஒன்றையும் பெறவில்லை. அவ்வாண்டு பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளேடு இதையெல்லாம் வெளிக்கொணர்ந்தது. சங்கத்தில் அப்போதிருந்த 87 உறுப்பினருள் ஒருவர்கூடக் கறுப்பினத்தவர் இல்லை என்பதையும் அது சுட்டிக்காட்டியது. 2022ஆம் ஆண்டு விழாவை ஒளிபரப்ப மாட்டோம் என்று என்.பி.சி. அறிவித்தது. 2023இல் சங்கமே கலைக்கப்பட்டது.

பாரிஸில் யாரும் யாரிடமும் “எங்களுக்கு வாக்களியுங்கள்” என்று கேட்டதாக நான் சொல்லவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. கையூட்டு கேட்டு வாங்கும் பதில்செயலை, உபசாரம் கேளாமலே பெற்றுவிடுகிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். செய்ந்நன்றி மறப்பதைப் பெருங்குற்றமாக எண்ணும் நமக்கு, அன்போடு உபசரித்தவரின் படைப்பைக் குறைகூற எழுதுகோல் எழும்புமா? நிறுவனம் தூண்டில் போடுவது நம் பேராசைக்கு என்று எண்ணுகிறோம். அது நம் நன்றியுணர்வுக்கே போடுகிறது. பேராசையென்றால் மனச்சான்று உறுத்தும். நன்றியுணர்வோ நற்பண்பின் உருவிலேயே வந்து நிற்பதால், விமர்சகர் தாம் சாய்ந்துவிட்டதை உணர்வதுகூட இல்லை. “நான் நேர்மையாகத்தான் எழுதினேன்” என்று அவர் சொல்வது பொய்யன்று என்பதே இதில் மிகக் கொடியது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். கணக்குப் பார்க்காமல் ஒரு நிறுவனமும் காசை இறைப்பதில்லை. 2006 டிசம்பரில், விஸ்டா இயங்குதளம் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வருமுன், மைக்ரோசாஃப்டும் ஏ.எம்.டி.யும் விலையுயர்ந்த ஏசர் ஃபெராரி மடிக்கணினிகளை இணையத்தில் எழுதுவோர் பலருக்கு அனுப்பின. கண்டனம் எழுந்த பிறகே, சோதித்து முடித்ததும் அவற்றைத் திருப்பித் தரவோ பிறருக்குக் கொடுத்துவிடவோ கேட்டுக்கொண்டார்கள். இவர்களை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? தட்டிக்கேட்க ஆசிரியர் எவரும் இல்லாதவர்கள் இவர்கள். படிப்பவரோ இவர்களை நண்பராகவே கருதுகிறார். விற்பனையாளர் எவ்வளவு செலவழித்தாலும் நேரடியாகப் பெற முடியாத நம்பிக்கை அது. அந்த நம்பிக்கை வாசகருடையது. தமக்குச் சொந்தமில்லாத ஒன்றைக் கொடுத்துவிட்டு, எதையும் விற்கவில்லை என்கிறார்கள்!

“மதிப்புரைக்கு வரும் நூலும் இலவசம்தானே?” என்று சிலர் மடக்குவர. நூலைப் படிக்காமல் மதிப்புரை எழுத இயலாது. பெனின்சுலாவில் உறங்காமலே ஒரு தொடரின் தரத்தைச் சொல்ல இயலும். இந்த வேறுபாடு குழந்தைக்கும் விளங்கும்.

நம் நாட்டில் சட்டம் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. 2023 சனவரியில் நடுவண் அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பணம் மட்டுமன்றி இலவசப் பொருள், பயணம், விடுதித் தங்கல் ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டு பரிந்துரைப்போரும் அதைத் தெளிவாக வெளிப்படுத்த வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்குத் துணைபோகிறவருக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் தண்டம் விதிக்கலாம். இதை வரவேற்கிறேன். எனினும் வெளிப்படுத்துவதால் சாய்வு நீங்கிவிடாது. சாய்ந்திருக்கிறேன் என்ற அறிவிப்பு மட்டுமே கிடைக்கிறது. எடைக்கல் குறைவானது என்று கடையில் எழுதி வைத்துவிட்டால் எடை சரியாகிவிடுமா?

சென்னைச் செய்தியாளர் கூட்டங்களில் ‘கவர்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை அத்துறையினர் நன்கறிவர். அதை வாங்கும் இளைஞரைக் காறி உமிழ்வது எளிது. மாத ஊதியத்தை ஒழுங்காகத் தராமல், பேருந்துச் செலவையும் மறுத்து, அவரைக் கூட்டத்துக்கு அனுப்பிய முதலாளியை நாம் கேட்பதில்லை. உறையைக் கொடுத்த நிறுவனத்தையும் கேட்பதில்லை. குற்றத்தில் மூவருக்கும் பங்குண்டு; ஏழைக்குப் பங்கு மிகக் குறைவு என்பேன்.

வேறு வழியில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அமெரிக்காவில் 1936இல் தோன்றிய நுகர்வோர் அமைப்பொன்று, தன் ‘கன்சூமர் ரிப்போர்ட்ஸ்’ இதழில் ஆய்ந்தெழுதும் பொருள்களுக்குத் தானே விலை கொடுக்கிறது. காராக இருந்தாலும், யார் வாங்குகிறார்கள் என்று சொல்லாமல் மற்றவர்களைப் போலவே கடையில் வாங்குகிறது. இதழில் பிற நிறுவனங்களின் விளம்பரத்துக்கு இடமில்லை. சந்தா கட்டும் வாசகர்களும் நன்கொடையாளர்களும் அச்செலவைத் தாங்குகிறார்கள். நம் இதழ்களும் ஒளிவழிகளும் கார் வாங்க வேண்டாம். விமர்சனம் எழுத அனுப்பும் இளைஞரிடம் ஒரு திரையரங்கச் சீட்டுக்கான பணத்தை முதலில் கொடுத்தனுப்பட்டும்.