தண்ணி எங்கேருந்து வருது?

தோழர்களே,

மருத்துவக் கல்வி பற்றிப் பேச்சு எடுத்தாலே யாருக்கு எத்தனை இடம் என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். இடஒதுக்கீட்டுப் போராட்டம் விட்டுக்கொடுக்க முடியாத போராட்டம். ஆனால் உள்ளே போனவருக்கு என்ன கற்பிக்கப்படுகிறது என்பதும் அரசியல்தான். அதைப் பற்றித்தான் இந்த இதழில் பேச வேண்டியிருக்கிறது.

அரசுக் குழந்தைகள் மருத்துவமனைகளில் இளம் மருத்துவர்கள் 3 ஆண்டுகள் எம்.டி. குழந்தை மருத்துவம் படிக்கிறார்கள். சின்னஞ்சிறு கையில் நரம்பு தேடி ஊசி ஏற்றுவதும், முதுகுத்தண்டில் நீர் எடுப்பதும், நெஞ்சுச் சத்தம் கேட்பதும் அவர்களுக்கு யார் உடம்பில் பழக்கமாகிறது? சேரியிலிருந்தும் குடிசைப் பகுதியிலிருந்தும் வருகிற நம்ம புள்ளைங்க உடம்பில்தான். கை தேர்ந்த பிறகு அதே மருத்துவர் காசுள்ளவர் வீட்டுப் பிள்ளையைத் தனியார் மருத்துவமனையில் பார்ப்பார். அதனால்தான் சொல்கிறேன், இந்தப் பயிற்சியைக் கேள்வி கேட்கும் உரிமை மற்றவர்களைவிட நமக்கு அதிகம்.

குழந்தை மருத்துவத்தில் நோயாளிக்குப் பேச்சு வராது. பேச வேண்டியவள் தாய். உலக சுகாதார நிறுவனம் 2 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளுக்கு வகுத்த முறையில், பால் குடிக்கிறதா, குடித்ததெல்லாம் வாந்தியாகிறதா, வலிப்பு வந்ததா என்று முதலில் தாயிடம்தான் கேட்கச் சொல்கிறார்கள். நம் பெண்கள் இதற்குச் சொல் வைத்திருக்கிறார்கள். ‘உச்சிக்குழி உள்ள போயிருச்சு’ என்றால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. ‘நெஞ்சுக்கூடு உள்ள இழுக்குது’ என்றால் நிமோனியாவாக இருக்கலாம். அப்புறம் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 2 மாதத்துக்குக் கீழே 60, ஒரு வயது வரை 50, 5 வயது வரை 40, அல்லது அதற்கு மேல் போனால் அது வேகமான மூச்சு. இதற்குக் கடிகாரமும் பொறுமையும் போதும், பெரிய எந்திரம் எதுவும் வேண்டாம்.

ஆனால் நடப்பது என்ன? எங்கள் தெருப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பல முறை இப்படிப்பட்ட வார்டு வாசலில் நின்றிருக்கிறேன். ‘ஏம்மா இவ்ளோ லேட்டா கொண்டாந்த? புள்ளையக் கொல்லப் பாக்குறியா?’ என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. பஸ் இல்லாததும், அன்றைய கூலி போய்விடும் என்பதும் அந்தக் கேள்விக்குத் தெரியாது. திட்டு வாங்கியவள் அடுத்த கேள்விக்கு வாய் திறக்க மாட்டாள். மாந்தத்துக்கு மருந்து ஊற்றியதை மறைப்பாள். மறைத்த சேதியில்தான் நோயின் காரணம் இருக்கும். அந்த இளம் மருத்துவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? சீனியர் திட்டினார், இவர் பார்த்துக் கற்றார். பாடத்திட்டத்தில் எழுதப்படாத பாடம் இது.

எழுதப்பட்ட பாடத்தையும் பாருங்கள். கேஸ் ஷீட்டில் குடும்பத்தின் சமூகப் பொருளாதார நிலையைக் குறிக்க வேண்டும். 1976-இல் வந்த குப்புசாமி அளவுகோல் குடும்பத் தலைவரின் படிப்பு, தொழில், குடும்ப வருமானம் மூன்றையும் கூட்டி 5 வகுப்பாகப் பிரிக்கிறது. சாதி பற்றி வாயே திறப்பதில்லை. கிராமங்களுக்கென்று 1964-இல் வந்த உதய் பரீக் அளவுகோலோ சாதிக்கு மதிப்பெண் போட்டது. தாழ்த்தப்பட்டோருக்கு ஆகக் குறைந்த மதிப்பெண்! ஒன்று சாதியை மறைக்கிறது, மற்றது வரிசைப்படுத்துகிறது. சாதி எப்படிக் குழந்தையின் குடலுக்குள் போய்ச் சேர்கிறது என்று கேட்க இரண்டும் கற்றுத் தரவில்லை. ‘கிளாஸ் ஃபோர்’ என்று தேர்வில் ஒப்பித்துவிட்டு மாணவர் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சேரிக் குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. குடிக்கிற தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவமனையில் சொன்ன பிறகுதான் சனங்கள் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். உள்ளே மலம். சி.பி.சி.ஐ.டி. 2025 ஜனவரியில் அந்தச் சேரி இளைஞர்கள் மூவர் மீதே குற்றம் சாட்டியதும், சனங்கள் அதை மறுத்ததும் தனியாகப் பேச வேண்டியவை. இங்கே நான் சொல்வது ஒன்றுதான். மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தால் பிள்ளைகள் திரும்ப அதே தண்ணீரைத்தான் குடித்திருப்பார்கள். ‘தண்ணி எங்கேருந்து வருது?’ என்பது ஸ்டெதஸ்கோப் மாதிரி ஒரு மருத்துவக் கருவி. அதைப் பிடிக்கப் பழக்க வேண்டும்.

பயிற்சி பெறுகிறவரையும் நாம் மறக்கக்கூடாது. வாரம் 48 மணி நேரம், தொடர்ந்து 12 மணிக்கு மேல் கூடாது என்று 1992-இலேயே மத்திய அரசு சொன்னது. 2023-ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணைய விதிகளில் ‘நியாயமான வேலை நேரம்’ என்று மட்டும் இருக்கிறது, எண்ணைக் காணோம். 36 மணி டூட்டி பார்த்துத் தூங்கி விழுகிறவர் எந்தத் தாயிடம் நிதானமாகப் பேசுவார்? அவர் தலித்தாகவோ பழங்குடியாகவோ இருந்துவிட்டால் இன்னொரு சுமையும் உண்டு. டில்லி எய்ம்ஸில் அந்த மாணவர்கள் ஒதுக்கப்படுவதை 2007-இல் தோரட் குழு பதிவு செய்தது. 2019 மே மாதம் மும்பையில் மகப்பேறு மருத்துவம் படித்த பழங்குடிப் பெண் பாயல் தட்வி உயிரை மாய்த்துக்கொண்டார். சாதிய வதைதான் காரணம் என்று குடும்பம் சொன்னது. சீனியர் மருத்துவர்கள் மூவர் கைதானார்கள். ஜூனியரை மனுசியாக மதிக்காத வார்டு நோயாளியை மதிக்கக் கற்றுத் தருமா?

நாம் கேட்க வேண்டியவை:

தாயிடம் பேசும் முறையும் செய்முறைத் தேர்வில் மதிப்பிடப்பட வேண்டும்.

2020-இல் அறிவிக்கப்பட்ட 3 மாத மாவட்டப் பயிற்சி மாவட்ட மருத்துவமனையோடு நிற்கக்கூடாது. ஆரம்ப சுகாதார நிலையம், அங்கன்வாடி, சேரித் தெரு வரை வர வேண்டும்.

கிராமத்தில் வேலை பார்த்த அரசு மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் தனி ஒதுக்கீடு தரும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 31-இல் தீர்ப்பளித்தது. அந்த உரிமை பறிபோகாமல் காக்க வேண்டும். சேரி வழி தெரிந்த மருத்துவர் அந்த வழியில்தான் வருவார்.

வேலை நேரத்துக்கு எண் எழுதப்பட வேண்டும். சாதிப் புகாரை விசாரிக்கிற குழுவில் தலித், பழங்குடி மருத்துவர்கள் இருக்க வேண்டும்.

மருத்துவம் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். சுற்றறிக்கைக்காகக் காத்திருக்காதீர்கள். நாளைக் காலை வார்டில் ஒரு தாயை உட்காரச் சொல்லிக் கேளுங்கள். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். ஊரில் வேலை செய்யும் தோழர்கள், தொட்டியும் குழாயும் எந்த நிலையில் இருக்கின்றன என்று எழுதி அந்த மருத்துவர் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

தோழமையுடன்,
ஆசிரியர்