கம்பியிலா வசதியும் கம்பியின் உதவியும்

இக்காலத்தில் வீடு கட்டும் அன்பர்கள், தண்ணீர்க் குழாய் எவ்வழிச் செல்லவேண்டும், மின்விளக்கு எங்கெங்கு அமையவேண்டும் என்பவற்றைச் சுவர் எழும்பும்போதே கொத்தனாரோடும் எலெக்ட்ரீஷியனோடும் பன்முறை கலந்து ஆராய்கின்றனர். இன்டர்நெட் விஷயத்தில் மட்டும், "அது கம்பியில்லாமல் வருவதுதானே" என்று வாளா இருந்துவிடுகின்றனர். இவ்வெண்ணம் பொருந்தாது என்பதும், வைஃபை எனப்படும் கம்பியிலா வசதி வீடு முழுதும் செவ்வனே நிலவவேண்டுமாயின் சுவருக்குள்ளே ஓடும் கம்பியே அதற்கு முதற்றுணை என்பதும் நமது அபிப்பிராயம். இதனை நம் மாணவர்க்கும், சிறப்பாக இப்பொழுது வீடு கட்டும் பருவத்தை எய்தியுள்ள பழைய மாணவர்க்கும் எடுத்துரைக்கவே இக்கட்டுரையை வரையலானோம்.

நம் ஊர்களில் இணைப்புக் கொடுக்க வரும் ஊழியர், தெருக் கம்பத்தினின்று கண்ணாடியிழைக் கேபிளைக் கொணர்ந்து, அண்மையிலுள்ள சன்னல் வழியே நுழைத்து, பெரும்பாலும் டெலிவிஷனுக்கு அருகே ஒரு சிறு பெட்டியைப் பொருத்திவிட்டுச் செல்கின்றனர். அப்பெட்டியே வீட்டு வலைக்கு வாயில். அது முன்கூடத்தில் இருத்தலின், அங்கமர்ந்து நாடகம் காண்போர்க்கு ஒரு குறையும் இல்லை. படிக்கும் பிள்ளைக்கு ஒதுக்கப்படும் அறையோ பின்கட்டிலாவது மாடியிலாவது இருக்கின்றது. ஒன்பதங்குலச் செங்கற் சுவர் இரண்டையும், இரும்புக் கம்பி பின்னிய கான்கிரீட் தளம் ஒன்றையும் கடந்து அங்கே போய்ச் சேரும் அலை குற்றுயிராய்ச் சேர்கின்றது. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோயின் பொருட்டுக் கல்லூரிகள் மூடப்பட்டு, வகுப்புகள் திரையில் நடைபெற்றபோது, மொட்டைமாடியின் கைப்பிடிச்சுவர் ஓரத்தே வெயிலில் அமர்ந்து பாடங்கேட்ட மாணவர் எத்துணையர்! வகுப்புகள் வகுப்பறைக்குத் திரும்பிவிட்டன. ஆயினும் விண்ணப்பம் அனுப்புதலும், கட்டணம் செலுத்துதலும், வேலைக்கான நேர்காணலும் இன்னும் திரையிலேயே நிகழ்கின்றன. நேர்காணலின் நடுவே அறுந்த இணைப்பின்பொருட்டு எந்தக் கம்பெனியாரும் நெடுநேரம் காத்திரார். எனவே, வீட்டில் எந்த மூலைக்கு அலை சேர்கின்றது என்னும் கேள்வி, வீட்டில் யாருடைய தேவை முதலில் எண்ணப்படுகின்றது என்னும் கேள்வியேயாம்.

கம்பியையும் கம்பியிலாமையையும் ஒன்றற்கொன்று பகையெனக் கருதுவோர், இவற்றின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் நலம். 1971 ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் என்பாரும் அவருடன் உழைத்தோரும், தீவுகளுக்கிடையே கணிப்பொறிகள் வானொலி அலை மூலம் பேசிக்கொள்ளுமாறு அலோஹா என்னும் வலையை அமைத்தனர். அம்முறையைக் கற்றறிந்த ராபர்ட் மெட்கால்ப் என்பார், 1973 இல் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில், அதனையே திருத்தி ஒரு கேபிளுக்குள் புகுத்தினார். ஒளி பரவுதற்கு ஊடகமாய் விண்ணெங்கும் நிறைந்துள்ளதெனப் பழைய விஞ்ஞானிகள் எண்ணிய ஈதரின் பெயரால் அதற்கு ஈதர்நெட் என்று பெயருமிட்டார். பின்னர் 1997 இல் வகுக்கப்பெற்ற முதல் வைஃபை விதிகள் அக்கருத்தை மறுபடியும் வெளிக்குக் கொண்டுவந்தன. இங்ஙனம் இவ்விரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

ஆயினும் இவற்றின் இயல்பு வேறு. கேபிள் என்பது இருவர் மட்டும் செல்லும் தனி வழி. வெளியோ பொதுச் சந்தை. ஓர் அலைவரிசையில் ஒரு கருவி பேசுங்கால் அதனைக் கேட்குந் தூரத்திலுள்ள ஏனைய கருவிகள் வாய் மூடிக் காத்திருத்தல் வேண்டும். அடுத்த வீட்டுக் கருவியும் இச்சந்தையில் ஓர் ஆள்தான். அலை எட்டாத அறைக்கென்று கடைகளில் விற்கும் எக்ஸ்டெண்டர் என்னும் கருவியை வாங்குவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சுவரிலுள்ள பிளக்கில் செருகினால் தீர்ந்தது என்பது கடைக்காரர் சொல். அக்கருவி தான் கேட்டதையே மறுபடியும் அதே வெளியில் உரக்கக் கூறுகின்றது. ஒரு செய்தி இருமுறை சொல்லப்படுதலின், ஒரே அலைவரிசையில் இயங்கும் எக்ஸ்டெண்டர் வேகத்தில் ஏறக்குறைய பாதியை விழுங்கிவிடும். ஆறு கொம்புகளையுடைய பெரிய ரௌட்டரை வாங்குதலும் போதிய மருந்தாகாது. அதன் குரல் பின்னறைக்கு எட்டலாம். கையிலுள்ள செல்போனின் மெல்லிய குரல் திரும்ப அதன் செவிக்கு எட்டவேண்டுமே!

அதனால் யாம் விரும்புவது பின்வரும் ஏற்பாடு. வீட்டுக்கு வாயிற்காப்போன் ஒருவனே இருக்கட்டும். கூடத்திலுள்ள பெட்டியே எல்லாக் கருவிகட்கும் முகவரி வழங்கட்டும். அதனின்று ஒரு கேபிள் படிக்கும் அறைக்குச் செல்லட்டும். அவ்வறையில் ஆக்ஸஸ் பாயிண்ட் என்னும் கருவி, கேபிளில் வந்ததை அலையாக்கித் தருவதொன்றையே தன் தொழிலாகக் கொள்ளட்டும். இதற்குப் புதுக் கருவி வாங்கவேண்டும் என்பதுமில்லை; பரணில் தூங்கும் பழைய ரௌட்டர் ஒன்று இருப்பின் பெரும்பாலும் அதுவே போதும்.

செய்முறை அரை மணி நேரத்து வேலை. பழைய ரௌட்டரை முதலில் தனியே ஒரு கணிப்பொறியோடு இணைத்து, அதன் முகவரியை மாற்றுக. வாயிற்பெட்டியின் முகவரி 192.168.1.1 ஆகவும், அது பிற கருவிகட்கு வழங்கும் எண்கள் 192.168.1.100 இலிருந்து தொடங்குவனவாகவும் இருப்பின், இதற்கு 192.168.1.2 என்பதை அளிக்கலாம். அடுத்து, டி.எச்.சி.பி. என்னும் முகவரி வழங்கும் வேலையை இதில் நிறுத்திவிடுக. இதனை மறந்தால் ஒரே வீட்டில் இருவர் முகவரி வழங்கப் புகுவர். ஒரு கருவிக்கு இன்டர்நெட் வரும், மற்றொன்றுக்கு வராது. காரணமும் எளிதில் புலப்படாது. இறுதியாக, கூடத்திலிருந்து வரும் கேபிளை இதன் 'லான்' துளைகளுள் ஒன்றிற் செருகுக. 'வான்' என்று குறித்த துளை வெறுமனே இருக்கட்டும். (அப்பெயருக்கும் ஆகாயத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.) வான் துளையிற் செருகினால் இது மற்றொரு வாயிலாகி, வீட்டுக்குள் ஒரு வீட்டை உண்டாக்கிவிடும், மாடியறைப் பிரிண்டரைக் கூடத்துக் கணிப்பொறி காணமாட்டாது. சில கருவிகளில் ஆக்ஸஸ் பாயிண்ட் ஆக மாறும் பொத்தான் உண்டு. அவற்றில் இவை யாவும் தாமே நிகழும், எத்துளையிற் செருகவேண்டும் என்பதையும் அவற்றின் கையேடே கூறும்.

வலையின் பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிடத்தும் ஒன்றாகவே இருத்தல் நன்று. அலைவரிசை எண் மட்டும் வேறாதல் வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 1, 6, 11 என்னும் மூன்றே ஒன்றன்மேலொன்று படியாதவை. கூடத்துக்கு 1 ஆயின் மாடிக்கு 6 அல்லது 11 ஆகலாம். 5 கிகாஹெர்ட்ஸ் பகுதி வேகமிக்கது. ஆனால் சுவரைக் கண்டால் விரைவில் சோர்வது. ஆதலின் ஒவ்வோர் அறைக்கும் அண்மையில் ஒரு கருவி இருக்கும் நமது ஏற்பாட்டிற்கு அதுவே மிகப் பொருந்தும். அலையின் வலிமையை உச்சத்தில் வைப்பதே சிறப்பு என்று பலர் எண்ணுகின்றனர். யாம் அதற்கு உடன்படோம். எந்தக் கருவியைப் பற்றுவது, எதை விடுவது என்று தீர்மானிப்பது செல்போனே. கூடத்து அலை மாடியிலும் சிறிது கேட்குமாயின், அஃது அதனையே உடும்புப்பிடியாய்ப் பற்றிக்கொண்டு, அருகிலிருக்கும் நல்லதை நாடாது. வலிமையைச் சிறிது குறைத்தால் பிடி தளரும். அயல் வீட்டாருக்கும் அது உபகாரம்.

இனிக் கேபிளைப்பற்றிச் சில சொற்கள். கேட் 6 எனப்படும் கேபிள், வினாடிக்கு 1000 மெகாபிட் செய்தியை 100 மீட்டர் தூரம் வரையில் எளிதாகச் சுமக்கும். நம் வீடுகளில் அத்துணை நீளமுடையது ஏது? கடைவீதியில் அலுமினியத்தின்மேல் செம்புப் பூச்சுடைய மலிவுச் சரக்கும் அதே பெயரில் உலவுகின்றது. அதனைத் தவிர்த்து முழுச் செம்பே கேட்டு வாங்குக. மின்சாரக் கம்பி செல்லும் பைப்பிலேயே இதனையும் நுழைத்துவிட எலெக்ட்ரீஷியன் விரும்புவார், அதற்கு இசையலாகாது. தனிப் பைப் வேண்டும். சுவர் பூசுமுன் ஒரு பைப்பைப் பதித்து வைப்பதற்கு ஆகும் செலவு சிறிது. பூசி வண்ணமடித்தபின் அச்சுவரை உடைப்பதற்கு ஆகும் செலவும் மனத்தாங்கலும் பெரிது. கேபிள் இப்பொழுது வேண்டாமெனினும் வெறும் பைப்பாவது பதித்துவிடுக. 2003 இல் வகுக்கப்பெற்ற முறையொன்றால் அக்கேபிளின் வழியே 15.4 வாட் வரையில் மின்சாரத்தையும் அனுப்பலாமாதலால், அம்முறைக்கேற்ற கருவியாயின், பிளக் இல்லாத கூரையின் நடுவிலும் அதனைப் பொருத்த இயலும்.

வாடகை வீட்டார்க்கு இவ்வுபதேசம் எங்ஙனம் பயன்படும் என்று சிலர் வினவக்கூடும். சுவரைத் தொட அவர்கட்கு உரிமையில்லை. தட்டைக் கேபிள் ஒன்றைத் தரையோரமாகக் கதவு நிலையைச் சுற்றிக் கொண்டுசெல்லுதல் அழகன்று. ஆயினும் குறையின்றி வேலை செய்யும். வாடகைக்கு விடவென்றே மாடிவீடுகள் கட்டும் அன்பர்கள் அறைக்கொரு பைப் வைத்துவிட்டால் இச்சங்கடம் குடியிருப்போர்க்கு வாராது.

தோட்டத்தில் தனியே நிற்கும் அறைக்கோ, எதிரிலுள்ள மற்றொரு கட்டடத்துக்கோ கேபிள் கொண்டுபோக விரும்புவோர் மட்டும் செம்பை நாடவேண்டா. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அண்மையில் எங்கேனும் இடி விழுந்தால், திறந்த வெளியில் ஓடும் செம்புக் கம்பி அம்மின்வேகத்தை இரு முனையிலுமுள்ள கருவிகளுக்குள் பாய்ச்சி அவற்றைப் பாழாக்கிவிடக்கூடும். அவ்விடத்திற்கு ஏற்றது, தெருக் கம்பத்தினின்று வீட்டுக்குள் வந்ததே, அந்தக் கண்ணாடியிழைதான். அதில் மின்சாரம் பாய்வதில்லை. இரு முனையிலும் ஒளியைக் கேபிள் மொழிக்கு மாற்றித் தரும் சிறு கருவிகள் இரண்டு வேண்டும், அவ்வளவே.