லேபிளை மறைத்துத் தீர்ப்புச் சொல்லட்டும்

விலை கூடிய சரக்கே நல்ல சரக்கு என்ற எண்ணம் எல்லாச் சந்தையிலும் உண்டு. திராட்சை ஒயின் வியாபாரத்தில் அது மிக அதிகம். பேர் பெற்ற தோட்டத்துச் சிவப்பு ஒயினுக்குக் கேட்ட விலை கொடுக்க ஆள் இருக்கிறது. பேர் இல்லாத சிறு விவசாயியின் பழத்தில் தயாரான ஒயின் நன்றாக இருந்தாலும் மலிவுச் சரக்கு என்று ஒதுக்கப்படுகிறது. லேபிளையும் விலையையும் மறைத்து ருசி பார்ப்பதே இதற்கு நியாயமான வழி.

பாரிஸ் நகரில் 1976-ம் ஆண்டு மே 24-ம் தேதி அப்படி ஒரு சோதனை நடந்தது. பிரான்சின் புகழ்பெற்ற போர்தோ சிவப்பு ஒயின்கள் நான்கும் அமெரிக்காவின் கலிபோர்னியா ஒயின்கள் ஆறும் பெயர் தெரியாமல் ஊற்றி வைக்கப்பட்டன. பிரெஞ்சு நிபுணர்கள் ஒன்பது பேர் மதிப்பெண் போட்டனர். முதலிடம் பெற்றது ஸ்டாக்ஸ் லீப் என்ற கலிபோர்னியா ஆலையின் 1973-ம் ஆண்டு ஒயின். அந்தக் கொடிகள் நட்டு மூன்றே ஆண்டு ஆனவை. லேபிள் தெரிந்திருந்தால் அந்த இடம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

விலை நாக்கையே ஏமாற்றும். 2008-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில் ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தனர். 90 டாலர் என்று சொன்னபோதுதான் அதிகம் பிடித்தது. அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், விலை தெரியாமல் ருசி பார்த்த 6,000-க்கும் மேற்பட்ட தீர்ப்புகள் அலசப்பட்டன. பயிற்சி இல்லாத சாதாரண மக்களுக்கு விலை கூடிய ஒயின் அதிகமாகப் பிடிக்கவில்லை. சற்றுக் குறைவாகவே பிடித்தது.

பதக்கத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. கலிபோர்னியாவில் சிறு ஒயின் ஆலை வைத்திருந்த பேராசிரியர் ராபர்ட் ஹாட்ஜ்சன், மாநிலப் பொருட்காட்சிப் போட்டியில் 2005 முதல் 2008 வரை நடுவர்களைச் சோதித்தார். ஒரே பாட்டிலிலிருந்து மூன்று முறை ஊற்றி, மற்ற ஒயின்களோடு கலந்து வைத்தார். ஏறத்தாழ பத்தில் ஒரு நடுவரே மூன்றுக்கும் ஒரே தரத்துப் பதக்கம் கொடுத்தார். லேபிளை மறைத்தால் மட்டும் போதாது. ஒரே மாதிரியைத் திரும்பவும் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது இதில் கிடைக்கும் பாடம்.

மலிவுக்குக் காரணம் தரக்குறைவு மட்டுமல்ல. சார்லஸ் ஷா ஒயின் 2002-ல் கலிபோர்னியாவில் பாட்டில் 1.99 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அப்போது அங்கே திராட்சை தேவைக்கு மேல் விளைந்து, விலை போகாமல் கொடிகளைப் பிடுங்கியவர்கள் பலர். பீப்பாய்ச் செலவும் உண்டு. 225 லிட்டர் ஓக் மரப் பீப்பாய் ஒன்றில் 300 பாட்டில் ஒயின்தான் பிடிக்கும். புதிய பிரெஞ்சுப் பீப்பாயின் விலையோ ஆயிரம் டாலர் அளவில் இருக்கும். எஃகுத் தொட்டியில் வைத்த ஒயினுக்கு அந்தச் செலவு இல்லை. அதனால் அது மட்டம் என்று ஆகிவிடாது.

ருசி பார்க்கும் முறை எளிது. பாட்டில்களைக் காகிதப் பையில் மூடி எண் போட வேண்டும். டம்ளரில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, வெள்ளைத் துணிக்கு எதிரே சாய்த்து நிறம் பார்க்க வேண்டும். பிறகு முகர வேண்டும். காடி நெடியும் நனைந்த அட்டை வாடையும் கெட்டுப்போனதற்கு அடையாளம். வாயில் சுழற்றினால் புளிப்பு, துவர்ப்பு, பழச்சுவை தெரியும். சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் தோலிலிருந்து வருபவை. ஒன்று மற்றொன்றை அமுக்காமல் இருந்தால் நல்லது. ருசி பார்ப்பவர் விழுங்காமல் துப்பிவிடுவதே முறை. தீர்ப்பை எழுதி வைத்த பிறகே விலையைப் பார்க்க வேண்டும்.

பேரை வளர்க்கவும் விளம்பரம் செய்யவும் சிறு விவசாயியிடம் பணம் இல்லை. அவருக்கு உள்ள முதல், விளைந்த பழத்தின் குணம் ஒன்றே. மறைத்துப் பார்க்கும் முறையில்தான் அந்த முதல் சபைக்கு வருகிறது. ஆகவே போட்டி நடத்துவோர் ஒரே மாதிரியை இரண்டு முறையாவது வைத்து நடுவர்களைப் பரிசோதிக்க வேண்டும். விவசாயிகளின் கூட்டுறவு ஆலைகளும் விலை பேசுமுன் தங்கள் ஒயினைப் பேர் பெற்ற ஒயினோடு மறைத்து வைத்து ருசி பார்ப்பது அவசியம். ஒயினைத் தொடாதவர்களுக்கும் இது பொருந்தும். அரிசியோ வெல்லமோ மாம்பழமோ, மூட்டையின் பேரைப் பார்த்து விலை சொல்லும் வியாபாரியிடம், பேரை மறைத்து ருசி பார்க்கச் சொல்லிக் கேட்க விவசாயிக்கு உரிமை உண்டு.