கல்லுக்கு அடியில் ஒரு தாய்

எங்க கள்ளக்குறிச்சிக்குக் கடல் கிடையாது. ஆனாலும் கையால் பிடித்துச் சமைக்கிற ருசி எங்களுக்கும் தெரியும்! கல்வராயன் மலை ஓடையில் கல்லைப் புரட்டினால் நண்டு. அம்மியில் இடித்து, மிளகு, பூண்டு தட்டிப் போட்டால் ரசம்.

தென்கடலோரத்தில் சிலர் மூச்சடக்கி முங்கி, பாறை இடுக்கில் கைவிட்டுச் சிங்கி இறால் எடுக்கிறார்கள். அதுவும் இதே வேலைதான். என்னைக் கேட்டால், வலையைவிடக் கை மேல். வலைக்கு ஆயிரம் கண் இருந்தும் தாய் எது, குட்டி எது என்று தெரியாது. கையில் எடுத்தவன் திருப்பிப் பார்க்கலாம். சிங்கி இறால் வாலுக்கு அடியில் முட்டை சுமக்கும். ஓடை நண்டு குஞ்சுகளையே வயிற்று மடிப்பில் வைத்திருக்கும்.

போன மழைக்காலத்தில் நான் பார்க்கவில்லை. அம்மியில் வைத்து இடிக்கும்போதுதான் குஞ்சுகள் தெரிந்தன. அன்றைக்கு ரசம் தொண்டையில் இறங்கவே இல்லை.

2003-ல் மத்திய அரசு சிங்கி இறால் ஏற்றுமதிக்கு வகைவாரியாக எடை வரம்பு வைத்தது. ஒரு வகைக்கு 200 கிராம். அதற்குக் குறைந்தால் அனுப்பக்கூடாது. அது ஏற்றுமதிக்கு. நம்ம வீட்டுச் சட்டிக்கு? அந்தச் சட்டத்தை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். பிடிங்க, சமைங்க, நல்லா சாப்பிடுங்க. ஆனால் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு!