பி.காமும் பாம்பும்

டெபிட் எது, கிரெடிட் எது என்று மூன்று வருஷம் படித்துவிட்டு வெளியே வந்தவனுக்குப் பாம்பைப் பற்றி என்ன தெரியும்? கண்டால் ஓட வேண்டும் என்று தெரியும். அதற்கு டிகிரி தேவையில்லை.

இந்தப் பக்கத்தில் எழுதுவது போக, மாதம் நாலு நாள் ஒரு சின்ன கம்பெனிக்குக் கணக்கு எழுதப் போகிறேன். (இதில் எழுதி மட்டும் குடும்பம் நடத்த முடியாது என்ற இந்த வரியை ஆசிரியர் வெட்டாமல் பிரசுரிப்பாராக.) போன வருஷம் ஜூலையில் ஒரு சாயங்காலம் அங்கே ரெக்கார்ட் ரூமில் பழைய வவுச்சர் கட்டு ஒன்றை இழுத்தேன். கூடவே ஒரு பாம்பும் வந்தது. பழுப்பு உடம்பு, குறுக்கே வெள்ளைப் பட்டைகள். நான் போட்ட சத்தத்தை 'கத்தினேன்' என்று எழுதுவது கௌரவமான வார்த்தை. வாட்ச்மேன் தாத்தா தடியோடு ஓடிவந்து இரண்டே அடியில் முடித்துவிட்டார்.

"கட்டுவிரியன் ஸார். கடிச்சிருந்தா கதை முடிஞ்சிருக்கும்" என்றார். ஆபீஸே எனக்குக் கை கொடுத்தது. மறுபிறவி என்று சொல்லி என் செலவில் எல்லோரும் டீ குடித்தார்கள்.

செத்த பாம்பை நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். ராத்திரி போனில் தேடினால், ஒரு படம் கட்டுவிரியன் என்றது. அச்சாக அதே மாதிரி இன்னொரு படம், இது ஒன்றும் பண்ணாத சாது என்றது. கீழே இரண்டு கட்சியாகப் பிரிந்து ஜனங்கள் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் டீக்குக் கொடுத்த காசு நியாயமான செலவா இல்லையா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். சித்தி பையன் விலங்கியலில் ஆராய்ச்சி பண்ணுகிறான். அவனைக் கேட்டேன்.

"அண்ணா, நான் கொசு. பாம்பு வேணும்னா எங்க யுனிவர்சிட்டி லைப்ரரிக்கு வாங்க" என்றான்.

போனேன். வாசலில் ரெஜிஸ்டர் வைத்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:

"எந்த சப்ஜெக்ட் ஸார்?"

"பி.காம்."

"காமர்ஸ் ரெண்டாவது மாடி."

"இல்லீங்க, பாம்பு."

ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று என் பையை ஒருதரம் திறந்து பார்த்தார்.

உள்ளே நுழைந்ததும் மாலை போட்ட எஸ்.ஆர். ரங்கநாதன் படம். சீர்காழிக்காரர். நூலகத் துறைக்கே பிதாமகர். இவர் கதை ஆபீஸ் போகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். சீட்டில் உட்கார்ந்தால் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. சில நாளிலேயே போரடித்துப்போய், பழைய வேலைக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு நின்றார். லண்டன் போய் இந்தப் படிப்பைப் படித்துவிட்டு வாரும், அப்புறமும் பிடிக்கவில்லையென்றால் பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் புதுப் புது பொம்மை வருகிறது. புத்தகங்களையும் இப்படித் துண்டு துண்டான குறியீடுகளைப் பூட்டி வகைப்படுத்தலாமே என்று தோன்றி, 1933-ல் கோலன் பகுப்புமுறை புத்தகமாக வந்தது. அதற்கு முன்பே, 1931-ல், நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதிவிட்டார். நாலாவது விதி: வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. வேலை பிடிக்கவில்லை என்று லெட்டர் டைப் செய்து வைத்திருக்கும் நண்பர்கள், அனுப்புவதற்கு முன் எதற்கும் ஒரு பொம்மைக் கடைக்குப் போய்வரவும்.

இவ்வளவு இருந்தும் நம்மூர் நூலகங்கள் பலவற்றில் அமெரிக்கர் டூவியின் நம்பர்தான் ஓடுகிறது. இங்கேயும் அதே. அக்கவுண்டன்ஸிக்கு 657. பாம்புக்கு 597.96. ஏணிப்படியில் அறுபது நம்பர் இறங்கினால் போதும், நானும் மனிதனாகிவிடலாம் போலிருந்தது.

வழியில் பராக்குப் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கேம்பிள் எழுதிய மதராஸ் மாகாணத் தாவர நூல். 1915-ல் பகுதி பகுதியாக வர ஆரம்பித்து, நடுவே அவரே காலமாகி, ஃபிஷர் என்பவர் 1936-ல் முடித்துவைத்தார். நம்ம ஆபீஸ் ஃபைல் கூட இவ்வளவு இழுக்காது. பக்கத்தில் 'நேச்சர்' பத்திரிகையின் பைண்ட் வால்யூம்கள். 1928-ஐ இழுத்து மார்ச் 31 இதழைப் பிரித்தால், ராமனும் கிருஷ்ணனும் எழுதிய சின்னக் கடிதம். நோபல் பரிசுக்குக் காரணமான சமாசாரம், ஏதோ வாசகர் கடிதம் மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது. அந்த ராமன் 1907 முதல் 1917 வரை பத்து வருஷம் சர்க்கார் கணக்கு இலாகாவில் வேலை பார்த்தவர். ஆபீஸ் முடிந்து கல்கத்தா ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போவார். நாம் ஆபீஸ் முடிந்து எங்கே போகிறோம் என்று இங்கே எழுத வேண்டாம். வீட்டிலும் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள்.

நூலகர் அம்மாளிடம் போட்டோவைக் காட்டினேன். அவர் பயப்படவில்லை. "படத்தோட படத்தை ஒப்பிடாதீங்க ஸார், அது ஏமாத்தும்" என்று சொல்லிவிட்டு ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். 'பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகள்' என்று 1888-லிருந்து வெளிவந்த வரிசையில் பாம்புகளுக்கான பாகம். எழுதியவர் மால்கம் ஸ்மித், சயாம் அரண்மனைக்கு டாக்டராக இருந்தவர். 1943-ல், உலகப் போர் நடுவே, லண்டனில் அச்சாகியிருக்கிறது. தலைக்கு மேலே குண்டு விழுகிற ஊரில் பாம்புக்குச் செதில் எண்ணிப் புரூஃப் திருத்தியிருக்கிறார்கள்.

செதில் எண்ணுவது என்று சும்மா சொல்லவில்லை. இந்தப் புத்தகங்களில் 'கீ' என்று ஒன்று இருக்கிறது, சாவி. கேள்வி ஒன்று, விடை இரண்டு. இப்படியென்றால் இந்த வரிக்குப் போ, அப்படியென்றால் அந்த வரிக்குப் போ. போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் பாம்பின் பெயரில் முட்டிக்கொள்வீர்கள். இன்கம்டாக்ஸ் படிவம் நிரப்பியவனுக்கு இது தாய்மொழி. உடம்பின் நடுவில் குறுக்காகச் செதில் எத்தனை வரிசை? கட்டுவிரியனுக்குப் பதினைந்து. ஓநாய்ப் பாம்புக்குப் பதினேழு. கட்டுவிரியனுக்கு முதுகின் நட்டநடு வரிசையில் மட்டும் செதில்கள் பெரிசாக, அறுகோணமாக இருக்கும். ஓநாய்ப் பாம்புக்கு எல்லாம் ஒரே சைஸ். போட்டோவைப் பெரிசாக்கி, பேனா முனையால் எண்ணினேன். மூன்று தடவை எண்ணினேன். டாலி ஆகிவிட்டது. பதினேழு. அறுகோணம் இல்லை.

ஓநாய்ப் பாம்பு. வெள்ளிக்கோல் வரையன் என்றும் சொல்கிறார்கள். முன்பல் கொஞ்சம் நீளம் என்பதால் ஓநாய்ப் பட்டம், மற்றபடி விஷம் கிடையாது. சுவர் ஏறிப் பல்லி பிடித்துச் சாப்பிட்டுப் பிழைக்கிற ஜீவன். ரெக்கார்ட் ரூமில் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்ததை அடித்துக் கொன்றிருக்கிறோம்.

அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டுபோய் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். ஒரே நாளில் நான் பாம்பு நிபுணன். பல்லி விழும் பலன் கூட என்னிடம் கேட்டார்கள்.

நவம்பர். மூன்று நாள் விடாத மழை. ராத்திரி எட்டு மணி, கணக்கு முடியவில்லை. சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து தாத்தா கூப்பிட்டார்: "ஸார், உங்க ஆளு வந்திருக்கு!"

அவர் படுக்கிற பாயின் ஓரத்தில் சுருண்டு கிடந்தது. கறுப்பு உடம்பு, வெள்ளைக் கோடு. தாத்தா கையில் தடி இல்லை. என் நோட்டீஸைப் படித்துத் திருந்தியிருந்தார். "இது ஒண்ணும் பண்ணாதுதானே ஸார்? கையால எடுத்து வெளிய விட்டுடவா?"

"தாராளமா" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். சொல்லியிருப்பேன். பாம்பு மெள்ள நகர்ந்து தலையை வெளியே நீட்டியது. கழுத்தில் பட்டையே இல்லை. நீலம் கலந்த கறுப்பு, எண்ணெய் தடவின மாதிரி பளபளப்பு. கோடுகள் கொஞ்ச தூரம் தள்ளித்தான் ஆரம்பித்தன, மெல்லிசாக, இரண்டிரண்டாக. அன்றைக்கு என் போட்டோவில் இருந்ததற்குக் கழுத்திலேயே பட்டை, வால் பக்கம் போகப் போக மங்கல். இது தலைகீழ்.

தாத்தாவின் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். வயதில் மூத்தவர், தப்புதான். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தோம். வந்தவர் டார்ச் அடித்துப் பார்த்து, "கட்டுவிரியன். யாரும் கிட்ட வராதீங்க" என்று கம்பியால் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை லைப்ரரி திறப்பதற்கு முன்னால் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். நூலகர் அம்மாள் சிரிக்கவில்லை.

"போன தடவை நீங்க ஓநாய்ப் பாம்பு பக்கம் மட்டும்தானே ஜெராக்ஸ் எடுத்தீங்க?"

உண்மை. கட்டுவிரியன் வேறு பக்கத்தில் இருந்தது. இன்னொரு ஜெராக்ஸ் எதற்கு தண்டச் செலவு என்று விட்டிருந்தேன்.

அன்று அவர் கம்ப்யூட்டரில் ஆராய்ச்சிக் கட்டுரைகளாக எடுத்துக் கொடுத்தார். 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று மத்திய அரசே மொத்தமாகப் பணம் கட்டி, சுமார் 13,000 பத்திரிகைகளை அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. அது மாணவர்களுக்கு. என் மாதிரி வெளியாளுக்கும் யாரும் காசு கேட்காத பத்திரிகைகள் உண்டு. 2020-ல் 'ஈலைஃப்' என்ற அப்படியொன்றில் வந்த கட்டுரை, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று கணக்கிட்டிருக்கிறது. வருஷத்துக்குச் சராசரி 58,000. நான் நிறைய பேலன்ஸ் ஷீட் பார்த்தவன். இந்த நம்பரை மறுபடி மறுபடி படித்தேன்.

கட்டுவிரியன் ராத்திரியில்தான் வெளியே வரும். தரையில் படுத்துத் தூங்குகிறவரைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது. பல சமயம் வலியே தெரியாது, வீக்கமும் இருக்காது. கொசு என்று நினைத்துத் திரும்பிப் படுப்பார்கள். அப்புறம் வயிற்றுவலி, இமை தொங்கும், மூச்சு விடுகிற தசைகள் ஓயும். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எல்லாம் கூடாது. கடிபட்ட இடத்தை ஆட்டாமல் நேரே விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரி. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களில் 1978-ல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கள் முக்கியமானவர்கள். ஒரு பக்கமும் படிக்காமல் பாம்பைப் பிடிக்கிறவர்கள் அவர்கள். பாதிப் பக்கம் படித்துவிட்டுப் பிடிக்கப் பார்த்தவன் நான்.

எல்லாக் கட்டுரையும் ஒன்றில் ஒத்துப்போயின: தரையில் படுக்காதே. கட்டில் போடு. கொசுவலையைக் கட்டி, விளிம்பை மெத்தைக்கு அடியில் செருகு.

முதலாளியிடம் போய்க் கட்டிலும் கொசுவலையும் கேட்டேன். "வாட்ச்மேனுக்குக் கட்டில் வாங்கிக்குடுத்தா தூங்கிடுவானேய்யா" என்றார். "இப்பவும் தூங்கறார் ஸார், பாயில" என்றேன். ஜெராக்ஸ் கட்டை மேஜைமேல் வைத்தேன். இந்தத் தடவை எல்லாப் பக்கமும் எடுத்திருந்தேன். படித்தாரோ இல்லையோ, கனம் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

தாத்தா இப்போது கட்டிலில் படுக்கிறார். பழைய பாயை மட்டும் விடவில்லை. அதைக் கட்டில்மேல் விரித்து அதன்மேல்தான் தூக்கம் வருகிறதாம்.

கட்டில், கொசுவலை, ஜெராக்ஸ் மூன்றையும் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று யோசித்து 'ஊழியர் நலன்' என்று எழுதியிருக்கிறேன். மார்ச்சில் ஆடிட்டர் நோண்டிக் கேட்டால், 597.96 என்று சொல்லலாம் என்றிருக்கிறேன்.